கண்மாய்க் கரைதான் 'பாரா'?

“அண்ணாச்சி! உங்க ஊர்ல காத்தோட்டமா உட்கார்ந்து ஒரு கட்டிங் போட எது நல்ல இடம்?”

வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் விருதுநகர் பஜாரில் வண்டியை ஓரங்கட்டி இப்படிக் கேட்டால், நம்ம கடைக்கார அண்ணாச்சி என்ன சொல்வார்?

கொஞ்சம் யோசிப்பார். தலையைச் சொறிவார். பிறகு கையை நீட்டுவார்.

“நேரா போங்க தம்பி. ஒரு கண்மாய் வரும். கரை மேல ஏறுங்க. கருவேல மரத்தடியில நாலு பேர் உட்கார்ந்திருப்பாங்க. அதுதான்!”

சிரிப்பதற்காக எழுதவில்லை. நிலைமை இதுதான்!

புதுச்சேரி, கோவா, பெங்களூரு பக்கமெல்லாம் எந்தத் தோட்டத்தில் எந்த மொட்டை மாடியில் உட்கார்ந்து குடிக்கலாம் என்று பட்டியல் போட்டுப் பத்திரிகைகளில் வெளியிடுகிறார்கள். நம் மாவட்டத்துக்கும் ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போமே. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போதும்.

முதல் பரிசு கண்மாய்க் கரைக்கு. நல்ல காற்று. சீமைக் கருவேல நிழல். தண்ணீர் மட்டும் கிடையாது, அதைப் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது பரிசு நான்குவழிச் சாலைப் பாலத்துக்கு அடியில். மழைக்கும் பயமில்லை, வெயிலுக்கும் பயமில்லை.

மூன்றாவது, ரயில் தண்டவாளத்து ஓரம். நாலாவது, ஆற்றுப் படுகை. விருதுநகரில் கௌசிகா நதி என்று பெயருக்கு ஒரு நதி இருக்கிறது. அதில் ஓடுவது ஊர்ச் சாக்கடை. அந்த நாற்றத்தில் உட்கார்ந்தும் குடிக்கிறானே மனுஷன், அவனுக்குத் தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்!

ஆறுதல் பரிசு, ராத்திரி பூட்டிய கடைகளின் வாசல்படி. இதைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. காலையில் கடை திறக்க வருகிற ஒவ்வொரு வியாபாரிக்கும் தெரியும். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் வாளியும் துடைப்பமும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஊறுகாய் பாக்கெட், நசுங்கிய பிளாஸ்டிக் டம்ளர், காலி குவாட்டர் பாட்டில். சில நாள் அதைவிட மோசமானதும் கிடக்கும். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தும் முன் பினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள்!

விற்பது சரி, குடிப்பது எங்கே?

குடிக்கிறவன் ஏன் இப்படித் தெருத்தெருவாக அலைகிறான்? அவனுக்கு வேறு இடமே கிடையாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம். ஏனென்றால் பாட்டிலை விற்பது அரசாங்கம்!

1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. அப்போது மொத்த வியாபாரம் மட்டும். 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் கடையில் குவாட்டர் வாங்குகிறவன் யாராக இருந்தாலும் அரசாங்கத்தின் வாடிக்கையாளர்தான். 2023-24-ஆம் ஆண்டில் இதில் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். சாதாரண வாடிக்கையாளரா இவன்? கஜானாவுக்குக் கப்பம் கட்டுகிறவன்!

கல்லாவில் பணம் விழுந்த அடுத்த நிமிஷம் கதை மாறிவிடுகிறது.

கடை வாசலில் நின்று குடிக்காதே. சரி.

பொது இடத்தில் குடிக்காதே. அது மதுவிலக்குச் சட்டம் 4-ஏ பிரிவின்படி குற்றம். சரி.

வீட்டுக்குக் கொண்டு போகலாமா? ஒற்றை அறை வீட்டில் வயதான அம்மா இருக்கிறாள், பெண்டாட்டி இருக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பாடம் எழுதுகிற பிள்ளைகள் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய் பாட்டிலைத் திறக்க மானமுள்ளவன் கூசுவான். கூச வேண்டும்.

பார் இருக்கிறதே என்பீர்கள். எல்லாக் கடைக்கும் பார் கிடையாது. இருக்கிற இடத்தில் அது என்ன லட்சணத்தில் இருக்கிறது? அரசாங்க பாஷையில் பார் என்றால் என்ன தெரியுமா? தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில் சேகரிப்பதற்கும் ஏலம் விடப்படும் இடம்! மனுஷன் உட்காருவதைப் பற்றி அந்த ஏலத்தில் யாருக்கும் அக்கறை இல்லை. தகரக் கூரை. ஒரு மின்விசிறி, அதுவும் கரகரவென்று சத்தம் மட்டும் போடும். நம்ம ஊர் சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தகரக் கொட்டகைக்குள் பத்து நிமிஷம் நின்றால் குடிக்காமலே மயக்கம் வரும்! ஒரு டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், நாலு சுண்டல், எல்லாம் வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு விலை. பாட்டிலுக்கு மேலே பத்து ரூபாய் கேட்கிறார்கள் என்ற புகாரோ சட்டசபை வரைக்கும் போய் வந்துவிட்டது. கழிப்பறை? சுவர்தான்!

அதனால் கட்டிங் பார்ட்னர் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு, சாத்தூர் காராச்சேவு ஐம்பது கிராம் பொட்டலம் கட்டிக்கொண்டு, கண்மாய்க் கரைக்கு நடக்கிறான். அங்கே போலீஸ் வருகிறது. அவனைத்தான் பிடிக்கிறது. “பொது இடத்தில் மது அருந்தி...” என்று கேஸ்!

விற்றவன் குற்றவாளி இல்லை. வாங்கியவனும் குற்றவாளி இல்லை. திறந்தவன் மட்டும் குற்றவாளி. இது என்ன கணக்கு?

இந்த இடத்தில் சட்டத்தின் பெயரையும் கொஞ்சம் கவனியுங்கள். 1937-ஆம் ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம். சாராயத்தை ஒழிக்கப் போட்ட அந்தச் சட்டத்தின் கீழேதான் இன்றைக்கும் விதிகளை எழுதிக் கடை நடத்துகிறார்கள். இதைப் பார்க்கும் இலாகாவின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை! 2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவரே, கடை நடத்தச் சட்டம் அனுமதிக்கிறது, பார் நடத்த லைசென்ஸ் கொடுக்க அனுமதிக்கவில்லை என்று சொல்லி, 6 மாதத்தில் பார்களை மூடச் சொன்னார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. பார்கள் மூடப்படவில்லை. திருந்தவும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம்

மற்ற ஊரில் இது வெறும் அசிங்கம். நம்ம பக்கத்தில் இது ஆபத்து!

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் மூன்றிலும் வாரச் சம்பளம்தான் பழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு. அன்றைக்கு டாஸ்மாக் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே கிழமை தெரிந்துவிடும், காலண்டர் தேவையில்லை. (அந்தக் காலண்டரை அச்சடிப்பதும் சிவகாசிதான்!)

அதே நேரத்தில்தான் பெண்களும் வேலை முடிந்து திரும்புகிறார்கள். பட்டாசு ஆலை வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும். நடக்கிற பாதையின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு, உள்ளே பீடி நெருப்பு மினுங்குகிறது, பேச்சுச் சத்தம் கேட்கிறது. நாள் முழுக்கக் குழாய் உருட்டி, திரி கிள்ளி, விரலெல்லாம் மருந்துக் கரையோடு வருகிற பொண்ணு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எட்டி நடை போடுகிறாள். “அக்கா, நீங்க முன்னால போங்க, நாங்க பின்னாலேயே வர்றோம்” என்று கூட்டம் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். உட்கார்ந்திருக்கிறவர்களில் சில பேர் அவர்கள் வீட்டு ஆண்கள்தான். அது இன்னும் அவமானம்.

இன்னொரு விஷயம். பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே, பொட்டல் காட்டில்தான் இருக்கின்றன. சட்டப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். திறந்தவெளியில் குடிக்க இடம் தேடுகிறவனும் ஊருக்கு வெளியேதான் போகிறான். கோடையில் கோரைப் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும்போது, போதையில் வீசி எறிகிற ஒரு பீடித் துண்டு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆலைக் கதவுக்குள் தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது, பீடி கூடாது என்று சோதனை போடுகிறார்கள். முள்வேலிக்கு வெளியே?

2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள், போதையில் இருப்பவனை ஆலைக்குள் வேலைக்கு வைக்கக் கூடாது, உள்ளேயே விடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் முதல் நாள் ராத்திரி வெறும் வயிற்றில், தண்ணீர்கூடச் சரியாகக் கலக்காமல், அவசர அவசரமாகக் கவிழ்த்துக்கொண்டு, பாதி ராத்திரி வரை பனியில் கிடந்துவிட்டுக் காலையில் வருகிறவனுக்கு வாடை இருக்காது. கை நடுக்கம் இருக்கும். மருந்து கலக்குகிற கைக்கு நடுக்கம் ஆகாது.

இங்கே ஒன்றைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 38 உயிர் போனது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேல். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. இந்த விபத்துகளைக் குடியின் தலையில் கட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம்ம வட்டாரத்தில் விபத்து என்றால் மருந்துக் கலவையில் உராய்வு, 4 பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து, லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க நடத்துகிறவர் வேறொருவர் என்றுதான் திரும்பத் திரும்பப் பேச்சு அடிபடுகிறது. செத்துப்போனவன் மேல் குடிப்பழி போடுவது சுலபம், அவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான். அந்த வேலையை நாம் செய்ய மாட்டோம். இருக்கிற ஆபத்தோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள் என்பதுதான் பேச்சு.

முதலாளிக்குப் புல்வெளி

திறந்தவெளியில் கௌரவமாக உட்கார்ந்து குடிக்க இடமே இல்லை என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட்டாலும் தப்பு. இருக்கிறது! மனமகிழ் மன்றம் என்று பெயர். எஃப்.எல்.2 லைசென்ஸ். மெம்பராக இருக்க வேண்டும். வசதியான மன்றமானால் மரநிழல், பிரம்பு நாற்காலி, வெள்ளைத் துண்டு போட்ட பையன் ஐஸ் கொண்டுவந்து வைப்பான். பெரிய ஓட்டல் என்றால் எஃப்.எல்.3. அங்கே குளுகுளு அறை. அங்கே போலீஸ் 4-ஏ கேஸ் போட வராது.

அதே பாட்டில், அதே போதை. ஒருவனுக்குப் புல்வெளி, இன்னொருவனுக்குக் கண்ணாடிச் சில்லு!

கண்ணாடிச் சில்லு என்று சும்மா சொல்லவில்லை. கண்மாய்க்குள் இறங்கி வேலை பார்க்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். வயலில் கால் வைக்கவே பயமாக இருக்கிறது என்பார். மாட்டுக் குளம்பில் பாட்டில் குத்திச் சீழ் வைத்த கதை ஊருக்கு நாலு இருக்கும். நூறு நாள் வேலைக்குக் கண்மாய் தூர்வாரப் போகிற பெண்கள் மண்ணோடு சேர்த்துக் கண்ணாடியையும் அள்ளுகிறார்கள். பிளாஸ்டிக் டம்ளருக்கும் தண்ணீர் பாக்கெட்டுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அந்தத் தடை டாஸ்மாக் கடையிலிருந்து நூறு அடி தூரத்துக்குப் பொருந்தாது போலிருக்கிறது!

பாட்டிலுக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்தது. ஐகோர்ட் கிடுக்கிப்பிடி போட்டதால் வந்தது. வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டில் யானை மிதித்துவிடக் கூடாதே என்று கொண்டுவந்த திட்டம், பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. குடிகாரன் எறிந்தாலும் பொறுக்குகிறவன் விட மாட்டான், பத்து ரூபாய் ஆச்சே! இதை ஒவ்வொரு கடையிலும் ஒழுங்காக நடத்தினாலே கண்மாய்க்குப் பாதி விமோசனம். “இன்னைக்கு வாங்க முடியாது, நாளைக்கு வா” என்று ஊழியர் சொல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு உதவியாளும், மூட்டை வைக்க ஒரு அறையும் வேண்டும். அதைக் கொடுக்காமல் ஊழியரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

ஒரேயடியாக மூடினால் என்ன?

“இத்தனை பேசுகிறீர்களே, கடையையே மூடு என்று எழுத உங்கள் பேனாவுக்கு வலிக்கிறதா?” தாய்மார்கள் கேட்பார்கள். கேட்க உரிமை உள்ளவர்கள்.

இந்த மண்ணுக்கே அந்தக் கேள்வி சொந்தம். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-ல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டாரே தியாகி சங்கரலிங்கனார், அவர் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அதில் நாடு முழுவதும் மதுவிலக்கு வேண்டும் என்பதும் ஒன்று! பெயர் மாற்றம் 1969-ல் வந்துவிட்டது. மற்றது என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். அதே விருதுநகரில் பிறந்த காமராஜர் 9 வருஷம் முதலமைச்சராக இருந்தார், அத்தனை வருஷமும் மதுவிலக்கு இருந்தது. 1971-ல் அது தளர்ந்தபோது, கொட்டுகிற மழையில் ராஜாஜி அன்றைய முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் ஊரறிந்த கதை. பிறகு மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள், 1987-ல் கள்ளையும் சாராயத்தையும் மட்டும் மூடினார்கள், மறுபடி மலிவு விலை மது என்று வந்தது, 1991-ல் அதுவும் போனது. கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்ததே ஒழிய, குடிக்கிறவன் வாய் மூடவில்லை.

மூடினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பார்த்தோம். கடை திறந்திருக்கும்போதே கள்ளச்சாராயம் மெத்தனாலோடு வந்து 60-க்கும் மேற்பட்ட உயிரைக் கொண்டு போனது. கடையே இல்லை என்றால்?

ஆகவே ஒரே நாளில் மூடு என்று வீரவசனம் பேச நாம் தயாரில்லை. கடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது சரிதான். 2016-ல் 500, 2017-ல் 500, 2023-ல் 500 என்று குறைத்தார்கள், வரவேற்றோம். ஆனால் அதிலும் ஒரு விவகாரம் இருக்கிறது. ஒரு கடையை மூடினால் அங்கே குடித்தவன் அடுத்த கடைக்குப் போகிறான். அங்கே கூட்டம் இரண்டு மடங்கு. அங்கே பார் இல்லை என்றால் அந்தத் தெருவே பார்!

இதையே பெரிய அளவில் 2017-ல் பார்த்தோமே. தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டு வழக்கில்தான். 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரே நாளில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. ரோட்டில் சாவு குறையட்டும் என்பது நோக்கம், நியாயமான நோக்கம். ஆனால் கடைகள் ரோட்டை விட்டு எங்கே போயின? ஊருக்குள்! வீட்டுக்குப் பக்கத்தில்! பெண்கள் துடைப்பத்தோடு திரண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் டவுனில் 50 மீட்டர், மற்ற இடத்தில் 100 மீட்டர் என்று விதி இருக்கிறதே, அளந்து பார்த்து வைத்தோம் என்றார்கள் அதிகாரிகள். டேப் பிடித்து அளந்தது கடைக்கும் கோவிலுக்கும் நடுவே உள்ள தூரத்தை. கடையில் வாங்கியவன் கோவில் மதில் நிழலில் உட்கார்ந்தானே, அதை யார் அளந்தார்கள்?

மரத்தடியில் நாகரிகம்

வெட்டவெளியில் குடிப்பது என்றாலே அநாகரிகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் நம்ம பக்கத்துக் கள்ளுக்கடையே பனந்தோப்பு ஓரத்தில்தான். ஓலைப் பட்டையைக் கையில் ஏந்தி மரத்தடியில் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். பட்டை மண்ணோடு மக்கிப் போகும், யார் காலிலும் குத்தாது. புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் இன்றைக்கும் கள்ளு ஷாப்பு இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடவே கூட்டம். சில இடங்களில் குடும்பத்தோடு வந்து உட்காருகிறார்கள்.

ஜெர்மனி தேசத்தில் மியூனிக் என்றொரு ஊர். பீருக்குப் பேர் போனது. அந்தக் காலத்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஆற்றங்கரை மேட்டில் நிலவறை தோண்டி பீப்பாய்களை வைத்தார்கள். மேலே வெயில் படாமல் இருக்க மரம் வளர்த்தார்கள். நிழல் வந்ததும் ஜனம் வந்தது! மரத்தடியில் பெஞ்சு போட்டு அங்கேயே விற்க ஆரம்பித்தார்கள். ஊருக்குள் ஓட்டல் வைத்திருந்தவர்கள் எங்கள் பிழைப்பு போச்சே என்று கூச்சல் போட்டார்கள். 1812-ல் ராஜா பஞ்சாயத்துப் பண்ணினார். தோட்டத்தில் பீர் விற்கலாம், ரொட்டியும் விற்கலாம், மற்றபடி சாப்பாடு விற்கக் கூடாது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்கள்! இன்றைக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளையோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைத் தின்று, பீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

நம்ம ஆளும் அதே காராச்சேவுப் பொட்டலத்தோடுதான் மரத்தடிக்குப் போகிறான். அவனுக்கு அங்கே பெஞ்சு இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. இவனுக்கு முள் இருக்கிறது, பாம்பு இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. ஒளிந்து குடிக்கிறவன் மெதுவாகக் குடிக்க மாட்டான். யாராவது வருவதற்குள் மடக் மடக்கென்று ஊற்றிக்கொள்வான். கால் மணி நேரத்தில் குவாட்டர் காலி! அடுத்த நிமிஷம் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி நான்குவழிச் சாலையில் ஏறுகிறான். போதையில் வண்டி ஓட்டினால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 10 ஆயிரம் எங்கே, உயிர் எங்கே?

அதனால்தான் சொல்கிறோம். கடையைத் திறந்து வைத்திருக்கிற வரைக்கும், உட்கார இடம் கொடுப்பது விற்கிறவனின் கடமை. வேப்பமரம் நாலு வைத்த ஒரு முற்றம். ஆள் உயரச் சுற்றுச்சுவர், ரோட்டில் போகிற குழந்தை கண்ணில் படாமல் இருக்க. சிமெண்டு பெஞ்சு போதும், பிரம்பு நாற்காலி கேட்கவில்லை. குடிதண்ணீர் இலவசமாக. கழிப்பறை கட்டாயம். இட்லியோ, அவித்த முட்டையோ, விருதுநகர் எண்ணெய் புரோட்டாவோ விலைப் பலகை போட்டு நியாய விலைக்கு. வயிற்றில் ஏதாவது இருந்தால் போதை மண்டைக்கு ஏறுவது குறையும். 10 மணிக்குக் கடை மூடும்போது முற்றமும் காலி ஆக வேண்டும். இதைக் கட்டச் செலவு ஆகும் என்பார்கள். 45 ஆயிரம் கோடியில் பெஞ்சு போடக் காசில்லையா? முற்றம் கட்ட இடமே இல்லாத கடை என்றால், அந்தக் கடை அந்த இடத்தில் இருக்கத் தகுதி இல்லாத கடை. முதலில் மூட வேண்டியது அதைத்தான்!

ஊக்குவிக்கிறோம் என்று யாரும் குற்றம் சாட்ட வேண்டாம். குடிக்காதவனை வா என்று அழைக்கவில்லை. குடித்தே தீருவேன் என்று நிற்கிறவனைப் பெண்கள் நடக்கிற பாதையிலிருந்தும் கண்மாயிலிருந்தும் பட்டாசு ஆலை வேலி ஓரத்திலிருந்தும் அப்புறப்படுத்தச் சொல்கிறோம். அப்படி ஒரு முற்றம் வந்த பிறகும் கரையில் உட்காருகிறவனைப் போலீஸ் பிடித்தால் நாமே கைதட்டுவோம்.

ஆலை அதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்துவந்து இந்த வறண்ட பூமியில் பிழைப்புக்கு வழி உண்டாக்கினார்கள். ஊரையே 'குட்டி ஜப்பான்' ஆக்கிய சமர்த்தர்களின் வாரிசுகளுக்குச் சம்பளக் கிழமையை மாற்றுவது பெரிய காரியமா? இங்கிலாந்தில் கூலியைச் சாராயக் கடையில் வைத்துப் பட்டுவாடா செய்யும் வழக்கம் இருந்தது. ஆள் வீட்டுக்குப் போவதற்குள் பாதிக் கூலி அங்கேயே கரைந்தது. 1883-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். இங்கே யாரும் மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் லீவு என்கிற சனிக்கிழமை சாயங்காலத்தில் கொடுப்பதும் கிட்டத்தட்ட அங்கேயே அனுப்பி வைப்பது மாதிரிதானே? செவ்வாய்க்கிழமை கொடுங்கள். புதன்கிழமை கொடுங்கள். மறுநாள் காலை வேன் வரும், வேலைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு இருக்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே ஆலையில் வேலை செய்தால் அவள் கூலியை அவள் கையில், அல்லது அவள் பாங்கு கணக்கில் போடுங்கள். சில வீட்டில் அந்த ஒரு காரியத்தால் அடுப்பு எரியும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கடைக்குப் பார் இருக்கிறது, எதற்கு இல்லை, இல்லாத கடையில் வாங்குகிறவன் எங்கே போய் உட்காருகிறான் என்பதை ஆபீஸில் ஃபைல் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, ஜீப்பை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கையில் ஒரு டார்ச் லைட்டோடு அதிகாரிகள் கண்மாய்க் கரை வரை நடந்து போய் வரட்டும். பட்டாசு வேனில் வந்து இறங்குகிற பெண்களோடு சேர்ந்தே நடந்தால் இன்னும் நல்லது.

காலில் கெட்டியான செருப்பு அவசியம். வழியெல்லாம் கண்ணாடி கிடக்கிறது.